ஊரறிந்த பூட்டு



நான் இப்பொழுது இந்த ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசுகின்றேன். நீங்கள் எல்லீரும் உங்கள் வீடுகளிலிருந்து கேட்கின்றீர்கள். தொலைவிலுள்ள வேறொரு நிலையத்தில் இன்னொருவர் மற்றோர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து எனக்கு மறுமொழி கூறுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவரும் நானும் முன்பின் கண்டறியாதவர்கள். எங்களுக்குள் எவ்வித முன்னேற்பாடும் இல்லை. நான் சொல்வது ஒவ்வொன்றும், அவர் சொல்வது ஒவ்வொன்றும் உங்கள் காதில் விழுகின்றது. இந்நிலையில், எங்கள் இருவருக்கு மாத்திரம் தெரிந்த ஓர் இரகசியத்தை, நீங்கள் அனைவரும் கேட்க நடக்கும் இவ்வுரையாடலினாலேயே நாங்கள் உண்டாக்கிக்கொள்ள இயலுமா?

இயலாது என்றே எவரும் சொல்வர். ஆனால் இயலும் என்பதை 1970களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த சில இளைஞர்கள் உலகறியக் காட்டினார்கள். இன்று தம் வங்கிக் கணக்கைக் கைத்தொலைபேசியிற் பார்க்கும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, அவர்கள் திறந்துவிட்ட வழியிலேயே செல்கின்றனர். அக்கண்டுபிடிப்பின் வரலாற்றையும், அதனை வெளியிடலாமா கூடாதா என்று அக்காலத்தில் எழுந்த பிணக்கையும் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். நான் கலைப் பட்டதாரி. கணிதம் என் துறையன்று. ஆயினும், அறிவை மறைத்து வைப்பதா பகிர்ந்து கொடுப்பதா என்ற கேள்வி இவ்வரலாற்றின் நடுவே நிற்பதனால், கற்போர் கற்பிப்போர் அனைவருக்கும் இதிற் பங்குண்டு.

இரகசிய எழுத்து என்பது புதிய கலையன்று. அரசர்களும் தூதர்களும் படைத்தலைவர்களும் பண்டுதொட்டே அதனைக் கையாண்டு வந்திருக்கின்றனர். எழுத்துக்களை இடம் மாற்றியும், ஓர் எழுத்துக்குப் பதிலாக இன்னோர் எழுத்தை இட்டும் செய்தியை உருமாற்றுவர். எவ்வாறு மாற்றினோம் என்ற குறிப்பே அதன் திறவுகோல். அத்திறவுகோல் அனுப்புவோரிடமும் இருக்கவேண்டும், பெறுவோரிடமும் இருக்கவேண்டும்.

1883ஆம் ஆண்டிலே ஓகுஸ்ற் கேர்க்கோஃப்ஸ் என்பார் இக்கலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒல்லாந்திற் பிறந்து பிரான்சில் வாழ்ந்த அவர் ஒரு மொழி ஆசிரியர். இரகசிய எழுத்து முறையொன்று பகைவர் கையில் அகப்பட்டாலும் தீங்கு நேராதிருக்கவேண்டும் என்றும், இரகசியமாயிருக்கவேண்டியது திறவுகோல் மாத்திரமே என்றும் அவர் விதித்தார். பூட்டின் அமைப்பு ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தும் திறப்பு இல்லாதவனால் அதனைத் திறக்க முடியாதெனின், அதுவே நல்ல பூட்டு. இக்கருத்தை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றேன்.

ஆனால் கேர்க்கோஃப்ஸின் விதியாலும் தீராத ஓர் இடர்ப்பாடு இருந்தது. திறவுகோலை மற்றவரிடம் எவ்வாறு சேர்ப்பது? செய்தியை அனுப்பும் வழியிலேயே திறவுகோலையும் அனுப்பினால், செய்தியைப் பறிப்பவன் திறவுகோலையும் பறிப்பான். ஆகவே நம்பிக்கைக்குரிய ஒருவர் அதனைக் கையிற் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அரசாங்கங்களுக்கு அது இயலும். கணினிகள் பெருகி, முன்பின் அறியாத இலட்சக்கணக்கான மக்கள் ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் காலம் வந்தால், ஒவ்வொரு சோடிக்கும் ஒரு தூதரை எங்கே தேடுவது?

1970களின் தொடக்கத்தில் இவ்விடர்ப்பாட்டைப் பற்றிச் சிந்தித்தவர் மிகச் சிலரே. அமெரிக்காவில் இக்கலை பெரும்பாலும் 1952இல் நிறுவப்பட்ட தேசியப் பாதுகாப்பு முகவரகத்தின் மதில்களுக்குள் அடைபட்டுக் கிடந்தது. அங்கே வேலைசெய்த கணித அறிஞர்கள் எதனையும் வெளியிடுவதில்லை. வெளியிலிருப்போர் படிப்பதற்கு நூல்களும் அரிதாகவே இருந்தன. 1967இல் டேவிட் கான் எழுதி வெளியிட்ட இரகசிய எழுத்தின் வரலாறு ஒன்றே பலருக்கு வழிகாட்டியாயிற்று.

அந்நூலைப் படித்து ஆர்வங் கொண்டவர்களுள் விற்ஃபீல்ட் டிஃபி என்ற இளைஞர் ஒருவர். 1944இல் பிறந்த அவர், தாம் பார்த்த வேலையை விட்டுவிட்டு, இக்கலை பற்றி ஏதேனும் தெரிந்தவர் எங்கிருந்தாலும் அவரைத் தேடிச் சென்று கேட்பது என்று புறப்பட்டார். அமெரிக்கா முழுவதும் மோட்டார் வண்டியிலே சுற்றினார். பலர் வாய் திறக்க மறுத்தனர். ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலே, ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஒருவர் இதே பொருளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அந்த ஒருவர் மாட்டின் ஹெல்மன் என்ற இளம் ஆசிரியர். 1974இல் இருவரும் சந்தித்தனர். அரை மணி நேரம் பேசலாம் என்று தொடங்கிய சந்திப்பு இரவுவரை நீண்டது.

ஹெல்மனுக்கு அவருடைய நண்பர்கள் புத்தி கூறியிருந்தார்கள். பெருஞ் செல்வத்தோடும் பேரறிஞர்களோடும் ஓர் அரசாங்க முகவரகம் பல்லாண்டு உழைத்த துறையிலே நீ என்ன புதிதாகக் கண்டுபிடிக்கப் போகிறாய் என்பது ஒரு கேள்வி. அப்படியே கண்டுபிடித்தாலும் அதனை இரகசியம் என்று சொல்லி வெளியிடவொட்டாமற் செய்துவிடுவார்களே என்பது இன்னொரு கேள்வி. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆயினும் ஹெல்மன் தம் எண்ணத்தை விடவில்லை.

இவ்விருவரும் ஸ்ரான்போர்ட்டிலே சிந்தித்துக்கொண்டிருந்த அதே 1974ஆம் ஆண்டில், அதற்கு வெகு தொலைவில்லாத பேர்க்லியிலே, கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் மேர்க்கிள் என்ற இளநிலைப் பட்ட மாணவர் ஒருவர் கணினிப் பாதுகாப்புப் பாடம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். மாணவர் ஒவ்வொருவரும் தாம் செய்யவிரும்பும் ஆய்வுகள் இரண்டைப் பற்றி எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது ஆசிரியரின் கட்டளை. மேர்க்கிள் எழுதிக் கொடுத்த முதலாவது ஆய்வு, நான் இப்பேச்சின் தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கே விடை கூறியது.

அவருடைய விடை எளியது. நான் ஆயிரம் புதிர்களை இவ்வானொலியில் ஒலிபரப்புகின்றேன் என்று கொள்வோம். ஒவ்வொரு புதிரையும் விடுவிக்க ஒரு மணி நேரம் வேண்டும். ஒவ்வொரு புதிரினுள்ளும் ஓர் இலக்கமும் ஓர் இரகசியச் சொல்லும் ஒளிந்துள்ளன. தூரத்திலிருக்கும் நண்பர் தம் விருப்பம்போல் ஏதாவதொரு புதிரைத் தெரிந்தெடுத்து, ஒரு மணி நேரம் உழைத்து விடுவித்து, அதிலுள்ள இலக்கத்தை மாத்திரம் வானொலியிலே எனக்குச் சொல்கின்றார். புதிர்களை ஆக்கியவன் நானாகையால், அவ்விலக்கத்துக்குரிய சொல் எது என்பதை என் பட்டியலைப் பார்த்து உடனே அறிந்துகொள்வேன். ஒற்றுக் கேட்பவனோ அந்த இலக்கம் எப்புதிரினுள் இருக்கிறதென்று அறியான். அதனைக் கண்டுபிடிக்கச் சராசரியாக ஐந்நூறு புதிர்களை விடுவிக்க வேண்டும். எங்களுக்கு ஒரு மணி நேர வேலை. அவனுக்கு ஐந்நூறு மணி நேர வேலை. புதிர்களின் தொகை கூடக்கூட அவனுடைய பாடும் கூடும்.

ஆசிரியருக்கு இது விளங்கவில்லை. எழுதியது தெளிவாயில்லை, இரண்டாவது ஆய்வையே செய் என்றார். மேர்க்கிள் அப்பாடத்தை விட்டு விலகினார். ஆனால் தம் எண்ணத்தை விடவில்லை. வேறோர் ஆசிரியர் படித்துப் பார்த்து ஊக்கமளித்தார். 1975இல் அவர் அதனைக் கட்டுரையாக்கி ஒரு சஞ்சிகைக்கு அனுப்பியபோது, திறவுகோல் பற்றிய செய்தியை வெளிப்படையாக அனுப்புவது ஆபத்து என்பது அனுபவத்தாற் கண்ட உண்மை என்று சொல்லி அதனை மறுத்துவிட்டார்கள். எது இயலாது என்று எல்லாரும் நம்பினார்களோ, அது இயலும் என்று காட்டுவதே அக்கட்டுரையின் நோக்கம். மறுத்தவர்களோ அந்த நம்பிக்கையையே காரணமாகக் காட்டினார்கள். அக்கட்டுரை அச்சேறியது 1978ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில்.

அந்த ஆசிரியரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. முப்பது பேர் எழுதிய தாள்களை ஓரிரவில் திருத்தியவர்களுக்கு அவர் நிலை விளங்கும். விளங்காத விடைக்குப் பக்கத்திற் சிவப்புக் கோடு இடுவது எளிது. விளங்காமை எழுதியவனுடையதா, திருத்துபவனுடையதா என்று ஒரு கணம் நின்று கேட்பது எளிதன்று. நானும் எத்தனை தாள்களில் அவ்வாறு கோடிட்டேனோ, அறியேன்.

டிஃபியும் ஹெல்மனும் 1976ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மின்னியல் பொறியியலாளர் சங்கத்தின் சஞ்சிகையொன்றிலே, இத்துறையின் புதிய திசைகள் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டனர். அவர்களுடைய எண்ணத்தை ஓர் உவமையாற் சொல்வேன். ஆமைப்பூட்டை அமுக்கிப் பூட்டுவதற்குத் திறப்பு வேண்டியதில்லை; திறப்பதற்கே வேண்டும். ஒருவர் ஒரே திறப்பாலே திறக்கும் ஆயிரம் ஆமைப்பூட்டுகளைச் செய்வித்து, அவற்றைத் திறந்தபடியே ஊரெங்கும் விநியோகிக்கின்றார். திறப்பைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றார். அவருக்கு இரகசியம் அனுப்ப விரும்பும் எவரும், ஒரு பூட்டை எடுத்து, பெட்டியைப் பூட்டி அனுப்பலாம். பூட்டியவராலும் பின்பு அதைத் திறக்க இயலாது. திறவுகோல் எந்த வழியிலும் பயணஞ் செய்யவில்லை. ஆகவே அதைப் பறிப்பதற்கும் வழியில்லை. பூட்டுவதற்கு ஒன்று, திறப்பதற்கு வேறொன்று என்று பிரித்ததே அவர்கள் செய்த புதுமை. பூட்டுவதற்கு உரியதைப் பொதுத் திறவுகோல் என்பர்.

எனினும் எண்களால் அத்தகைய ஆமைப்பூட்டு ஒன்றைச் செய்வது எப்படி? இரகசிய எண் ஒன்றை இருவர் வெளிப்படையாகப் பேசி ஆக்கிக்கொள்ளும் முறை அக்கட்டுரையிலே இருந்தது; ஆனால் முழுமையான ஆமைப்பூட்டு இருக்கவில்லை. அதனைத் தேடி மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் மூவர் முனைந்தனர். ரொனால்ட் றிவெஸ்ற், அடி ஷமீர், லெனாட் அடல்மன் என்பன அவர்கள் பெயர்கள். முன்னிருவரும் புதிய புதிய முறைகளை ஆக்கிக்கொண்டு வருவர். அடல்மன் ஒவ்வொன்றிலும் பிழை கண்டு உடைப்பார். இவ்வாறு ஆக்கியும் உடைத்தும் மாதங்கள் சென்றபின், 1977ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஓரிரவு, றிவெஸ்ற் கொணர்ந்த முறையை அடல்மனால் உடைக்க முடியவில்லை.

அதன் அடிப்படை பாடசாலைக் கணக்கே. 97ஐ 89ஆற் பெருக்குக என்றால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சில நிமிடங்களில் 8,633 என்று விடை தரும். ஆனால் 8,633 எந்த இரண்டு எண்களின் பெருக்கம் என்று கேட்டால், பெரியவர்களுக்கும் நெடுநேரம் செல்லும். பெருக்குவது எளிது, பிரிப்பது அரிது. எண்கள் நீள நீள, இவ்வேறுபாடு மலையும் மடுவும்போல் ஆகிவிடும்.

பேனையும் கடதாசியும் கையிலுள்ளோர் ஒரு சிறு கணக்கைக் குறித்துக்கொள்ளலாம். 3, 11 என்னும் இரண்டு பகா எண்களை எடுத்துக்கொள்கின்றேன். அவற்றின் பெருக்கம் 33. ஊருக்கெல்லாம் இரண்டு எண்களை அறிவிக்கின்றேன்: 33, 3. எனக்குச் செய்தி அனுப்புவோர் தம் எண்ணை மும்முறை எழுதிப் பெருக்கி, 33ஆல் வகுத்து, மீதியை அனுப்புக. ஒருவர் நம் உயிரெழுத்துக்களுள் நான்காவதாகிய ‘ஈ’யை அனுப்ப விரும்புகின்றார். நான்கை மும்முறை பெருக்க 64. அதனை 33ஆல் வகுக்க மீதி 31. அவர் 31 என்று வானொலியிலே சொல்கின்றார். யாவரும் கேட்கின்றனர்.

என்னிடமுள்ள இரகசிய எண் 7. நான் 31ஐ ஏழு முறை எழுதிப் பெருக்குகின்றேன்; 27,512,614,111 என்று வருகின்றது. அதனை 33ஆல் வகுக்க மீதி 4. நான்காம் எழுத்து ‘ஈ’ எனக்குக் கிடைத்துவிட்டது. அந்த 7 எங்கிருந்து வந்தது? 3இல் ஒன்று குறைய 2. 11இல் ஒன்று குறைய 10. இரண்டையும் பெருக்க 20. ஊருக்கு அறிவித்த 3ஐ எதனாற் பெருக்கினால் 20இலும் ஒன்று கூடுதலாக வரும்? ஏழாற் பெருக்கினால் 21. 33 என்பது 3, 11 ஆகியவற்றின் பெருக்கம் என அறிந்தவனுக்கே இந்த 7 கிட்டும். 33ஐ எவரும் நொடியிற் பிரிப்பர். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்ணாயின், அதைப் பிரிக்க வழியறியாது உலகமே திகைக்கும்.

இம்முறை ஏன் பிழையின்றி வேலை செய்கின்றது என்பதற்கு ஆதாரம், 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த பேர்மாவும் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒயிலரும் கண்ட எண்கணித உண்மைகள். எதற்கும் பயன்படாத அழகிய கணிதம் என்று எண்கணிதத்தைப் போற்றியவர், நம் சீனிவாச இராமானுசனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த பேராசிரியர் ஹாடி. 1917இல் இராமானுசனும் ஹாடியும் சேர்ந்து, ஓர் எண்ணுக்கு எத்தனை பகாக் காரணிகள் இருப்பது வழக்கம் என்று ஆராய்ந்து கட்டுரை எழுதினர். எண்களைக் காரணிகளாகப் பிரிக்கும் வேலை ஒருநாள் நாடுகளின் இரகசியங்களுக்குக் காவலாகும் என்று அவர்கள் கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள்.

1977ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், மாட்டின் காட்னர் என்ற எழுத்தாளர் ‘சயன்ரிஃபிக் அமெரிக்கன்’ சஞ்சிகையிலே, தாம் எழுதிவந்த கணித விளையாட்டுப் பகுதியில், இம்முறையைப் பொதுமக்களுக்கு விளக்கினார். 129 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணையும், அதனாற் பூட்டிய ஒரு செய்தியையும் அச்சிட்டு, திறப்பவருக்கு 100 டொலர் பரிசு என்று அறிவித்தார்கள். முத்திரை ஒட்டிய கடிதவுறை அனுப்புவோருக்குக் கட்டுரையின் பிரதி அனுப்பப்படும் என்றும் சொல்லப்பட்டது. ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன.

அவ்வேளையிலேதான் பிணக்கு எழுந்தது. 1977ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தேசியப் பாதுகாப்பு முகவரகத்தில் வேலைசெய்த ஒருவர், தம் சொந்தப் பெயரில், மின்னியல் பொறியியலாளர் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இரகசிய எழுத்து முறைகள் அக்கால அமெரிக்கச் சட்டப்படி போர்த்தளவாடங்களோடு சேர்த்து எண்ணப்பட்டன. ஆகவே இக்கட்டுரைகளைப் பிறநாட்டாரும் காணும்படி வெளியிடுவது, அனுமதியின்றி ஆயுதம் ஏற்றுமதி செய்வதற்கு ஒப்பாகும் என்பது அக்கடிதத்தின் சாரம். முகவரகமோ, அது தன் கட்டளையால் எழுதப்பட்டதன்று என்றது. ஆயினும் அச்சம் பரவிற்று. மசச்சூசெற்ஸில் கட்டுரைப் பிரதிகள் அனுப்புவது சில மாதங்கள் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஒக்ரோபர் மாதத்தில் கோணெல் பல்கலைக்கழகத்தில் ஒரு மாநாடு நடக்கவிருந்தது. ஸ்ரான்போர்ட்டிலிருந்து ஹெல்மனின் மாணவர் இருவர் அங்கே தம் ஆய்வுகளை வாசிக்கவேண்டும். அவர்களுள் ஒருவர், பேர்க்லியை விட்டு ஹெல்மனிடம் வந்து சேர்ந்திருந்த மேர்க்கிள். ஹெல்மன் தம் பல்கலைக்கழகத்தின் சட்ட ஆலோசகரிடம் சென்றார். ஆராய்ச்சியை வெளியிட உமக்கு உரிமையுண்டென்றே கருதுகின்றேன். வழக்கு வந்தால் பல்கலைக்கழகம் உமக்காக வாதாடும். ஆனால் தண்டனை கிடைத்தால் உமக்குப் பதிலாகச் சிறை செல்லப் பல்கலைக்கழகத்தால் முடியாது என்றார் அவர். மாணவர்கள் வாழ்க்கையைத் தொடங்கும் பருவத்தினர். வழக்கு நீண்டால் அவர்களுடைய எதிர்காலமே பாழாகலாம். ஆகவே மேடையிலே மாணவர் இருவரும் பக்கத்தில் நிற்க, அவர்களுடைய கட்டுரைகளை ஹெல்மனே வாசித்தார். புகழ் மாணவருக்கு, பழி வந்தால் ஆசிரியனுக்கு என்ற முறையிலே அவர் நின்றார். இவ்வரலாற்றில் என் உள்ளத்தை மிகவும் தொட்ட இடம் இதுவே.

ஒருவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. கட்டுரைப் பிரதிகள் மீண்டும் தபாலிற் சென்றன. மூவரின் கட்டுரை 1978ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அச்சாயிற்று.

முகவரகத்தின் அச்சத்தை வீண் அச்சம் என்று நான் தள்ளமாட்டேன். பகைவருடைய செய்திகளைப் படிக்க முடிவதாற் போர்க்காலத்தில் எத்தனையோ உயிர்கள் காக்கப்பட்டுள்ளன. வலிய பூட்டு எல்லார் கையிலும் கிடைத்தால் திருடனும் அதனைப் பயன்படுத்துவான். இக்கவலை இன்றும் தீரவில்லை. அதனைத் தராசின் ஒரு தட்டிலே வைத்தால், மற்றத் தட்டிலே வைக்கவேண்டியது யாது? அதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு வரலாற்றைச் சொல்லவேண்டும்.

1970ஆம் ஆண்டிலே, செல்ற்ரன்ஹாம் நகரிலுள்ள பிரித்தானிய அரசாங்கத் தொடர்புத் தலைமையகத்தில், ஜேம்ஸ் எல்லிஸ் என்பவர், திறவுகோலை முன்கூட்டிப் பரிமாறாமலே இரகசியம் பேசுவது இயலும் என்று நிறுவி, உள்ளக அறிக்கையொன்று எழுதினார். 1973இல், அங்கு புதிதாக வேலைக்குச் சேர்ந்த கிளிஃபர்ட் கொக்ஸ் என்ற இளைஞர், பகா எண்களைக் கொண்டு அதனைச் செய்யும் வழியைக் கண்டார். 1974இல் மல்கம் வில்லியம்சன் என்பவர், ஸ்ரான்போர்ட் முறையை ஒத்த இன்னொரு வழியைக் கண்டார். அமெரிக்கர் புகழ்பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே எல்லாம் அங்கே கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. ஆனால் அறிக்கைகள் பேழைக்குள்ளே கிடந்தன. பிறர் அதே உண்மைகளைக் கண்டு உலகப் புகழ் பெற்றபோதும், இம்மூவரும் தாம் ஏற்ற கடமைப்படி வாய்மூடியிருந்தனர். 1997ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலேதான் அரசாங்கம் இவ்வுண்மையை வெளியிட்டது. எல்லிஸ் அதற்கு முந்திய மாதம் இறந்துபோனார்.

அவர்களுடைய ஆற்றலுக்கும் அடக்கத்துக்கும் தலை வணங்குவோம். ஆயினும் எண்ணிப் பாருங்கள். ஒரே உண்மையை இரண்டு இடங்களிற் கண்டார்கள். ஓரிடத்தில் அது இருபத்தேழு ஆண்டுகள் பேழைக்குள்ளே உறங்கியது. மற்றோரிடத்தில் அது வெளிப்பட்டு, ஊர் ஊராகச் சென்று, மாணவரின் பாடமாகி, வணிகரின் காவலாகியது. அதனால் உலகம் பெற்ற பயன் ஒன்று.

இன்னொரு பயனும் உண்டு. அதுவே எனக்கு முக்கியமாகத் தோன்றுகின்றது. வெளியிட்ட அறிவை எவரும் சோதிக்கலாம். 1978இல் மேர்க்கிளும் ஹெல்மனும் வேறுவகையான ஒரு பூட்டையும் ஆக்கி வெளியிட்டனர். அதை உடைப்பவருக்கு 100 டொலர் தருவதாக மேர்க்கிள் அறிவித்தார். 1982இல் ஷமீர் அதனை உடைத்துப் பரிசைப் பெற்றார். அதன் வலுவான வடிவத்துக்கு மேர்க்கிள் 1,000 டொலர் வைத்தார். 1984இல் ஏர்ணி பிறிக்கெல் என்பவர் அதையும் உடைத்தார். அப்பூட்டு பேழைக்குள்ளே இருந்திருந்தால், அது உடையும் என்பதை அதனை நம்பியவர் அறிந்திருக்கமாட்டார். களவாக உடைத்தவன் மாத்திரமே அறிந்திருப்பான்.

காட்னர் அச்சிட்ட 129 இலக்க எண்ணும் சோதனைக்கு உள்ளாயிற்று. அதனைப் பிரிக்க 4இன் பின் 16 பூச்சியங்கள் இட்ட அத்தனை ஆண்டுகள் செல்லும் என்று அன்று மதிப்பிட்டார்கள். 1994ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அது பிரிக்கப்பட்டது. உலகின் பல பாகங்களிலுமுள்ள ஏறக்குறைய 600 தொண்டர்கள், தம் கணினிகளின் ஓய்வு நேரத்தைக் கடனாகக் கொடுத்து, எட்டு மாதங்கள் உழைத்தனர். பூட்டினுள்ளே இருந்தது, எலும்பு முறித்துண்ணும் ஒரு கழுகின் பெயர் வரும் வேடிக்கையான சொற்றொடர். மதிப்பீடு பிழைத்தது, முறை பிழைக்கவில்லை. எவ்வளவு நீளமான எண் வேண்டும் என்பதை உலகம் அதனாற் கற்றுக்கொண்டது.

அதே 1994ஆம் ஆண்டில் பீற்றர் ஷோர் என்ற அறிஞர், சொட்டுப் பௌதிக விதிகளின்படி இயங்கும் புதுவகைக் கணினியொன்று போதிய அளவில் ஆக்கப்படுமாயின், பெரிய எண்களையும் விரைவிற் பிரிக்கலாம் என்று நிறுவினார். அவரும் அதை மறைக்கவில்லை. ஆபத்தை முன்னரே அறிந்தமையால், புதிய பூட்டுகளைத் தேட உலகத்துக்கு அவகாசம் கிடைத்தது. 2016இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவகம் எல்லா நாட்டு அறிஞரையும் அழைத்து, புதிய முறைகளைப் போட்டிக்கு விட்டது. பல ஆண்டுகள் ஆராயப்பட்டு நன்மதிப்புப் பெற்றிருந்த முறையொன்றை, 2022இல் பெல்ஜியத்து லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், சாதாரணக் கணினியொன்றினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உடைத்துக் காட்டினர். உடைந்தது விலக்கப்பட்டது. தாக்குப் பிடித்த முறைகளுட் சில 2024ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் நியமங்களாக வெளியிடப்பட்டன.

ஆகவே தராசின் மற்றத் தட்டிலே வைக்கத்தக்கது இதுவே: பலர் பார்க்கப் பிழை திருத்தப்பட்ட அறிவு. மறைத்து வைத்த அறிவு உண்மையாகவும் இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். எது என்று அறிய வழியில்லை. மொழி ஆசிரியராகிய கேர்க்கோஃப்ஸ் 1883இற் சொன்னதும், நூறாண்டின் பின் இவ்விளைஞர்கள் செய்து காட்டியதும் ஒன்றே. ஊரறிந்த பூட்டுத்தான் நம்பத்தக்க பூட்டு.

றிவெஸ்ற், ஷமீர், அடல்மன் ஆகிய மூவருக்கும் 2002ஆம் ஆண்டுக்குரிய தூரிங் விருதும், டிஃபி, ஹெல்மன் இருவருக்கும் 2015ஆம் ஆண்டுக்குரிய அவ்விருதும் கிடைத்தன. கணினி விஞ்ஞானத்தில் அதனிலும் உயர்ந்த விருது இல்லை.

நேயர்களே, நம் கணக்கிலே நாம் பூட்டித் திறந்த எழுத்து ‘ஈ’ என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அது ஓரெழுத்தாலாகிய ஒரு சொல்லுமாகும். கொடு என்பது அதன் பொருள். கற்றதை மறைத்து வைத்துக்கொண்டு பெருமைப்படும் ஆசிரியரும் உண்டு. பிழை காண்பார்களே என்று அஞ்சி, தான் கண்டதை வகுப்பிலே சொல்லாதிருக்கும் மாணவனும் உண்டு. அவ்விருவருக்கும் இவ்வரலாறு சொல்லக்கூடியது ஒன்றுண்டு. கண்டதைக் கொடுங்கள், பிறர் அதனைத் தட்டிப் பார்க்கட்டும். உடைந்தால் திருத்திக்கொள்வோம், உடையாவிட்டால் ஊருக்கு உதவும்.